வடத்தின் முறுக்கு தெரிகிறதா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தந்தையார் எண்பதுகளில் 35 மில்லிமீற்றர் கமராவால் எடுத்த நல்லூர்த் தேர்த் திருவிழா நெகற்றிவுகளைத் தட்டை ஸ்கானர் ஒன்றில் 6400 டிபிஐ (அங்குலத்துக்கு 6400 புள்ளி) அளவில் ஸ்கான் செய்திருக்கிறீர்கள். சென்ற வருடம் அதே வீதியில் நின்று, திருவிழாவின் அதே இருபத்துநாலாம் நாள் காலையில், 24 மெகாபிக்சல் டிஜிற்றல் கமராவால் நீங்களும் தேரை எடுத்திருக்கிறீர்கள். இரண்டு கோப்புகளையும் கணினித் திரையில் நூறு வீதத்துக்குப் பெருப்பித்து அருகருகே வைத்தபோது, பிக்சல் எண்ணிக்கையில் இரண்டு மடங்குக்கும் கூடுதலான ஸ்கான் புகை படிந்ததுபோல மங்கலாகவும் மணல்மணலாகவும் இருந்தது. உங்களுடைய படத்திலோ தேரின் ஒவ்வொரு மணியும் எண்ணிவிடலாம் போலத் தெளிவாக இருந்தது. பிலிமில்தான் நுணுக்கம் கூட என்று இவ்வளவு காலமும் கேட்டது பொய்யா என்று கேட்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது என்றே நினைக்கிறேன்: அப்பாவின் படங்கள் எடுத்தபோதே கூர்மையில்லாமல் இருந்தனவா, அல்லது அவற்றிலுள்ள கூர்மை உங்கள் கைக்கு வந்து சேரவில்லையா?

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவின் இருட்டறையில் வேலை பழகியவன். பிலிம் கழுவி, பெருப்பித்து, பிறகு காலம் மாறியதும் டிஜிற்றலுக்கு வந்து, இப்போது பல வருடங்களாகக் குடும்பங்களின் பழைய நெகற்றிவுகளைப் பிரதியெடுக்கும் வேலையையே பெரும்பாலும் செய்கிறேன். பௌதிகவியல் பட்டம் பெற்றவனல்லன். கீழே வரும் கணக்குகள் பெருக்கலும் வகுத்தலுமே. நீங்களும் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். எது கணக்கு, எது என் கண்ணின் தீர்ப்பு என்பதை அந்தந்த இடத்தில் பிரித்துச் சொல்கிறேன்.

நீங்கள் ஒப்பிட்ட முறையிலேயே ஒரு வழுக்கல் இருக்கிறது. 35 மில்லிமீற்றர் நெகற்றிவின் ஒரு படம் 36 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. அதை 6400 டிபிஐயில் ஸ்கான் செய்தால் ஏறத்தாழ 9070 பிக்சல் அகலமும் 6050 பிக்சல் உயரமும் வரும், 55 மெகாபிக்சல். சாதாரண திரை ஒன்று அங்குலத்துக்கு 96 பிக்சல் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், நூறு வீதத்தில் நீங்கள் பார்ப்பது இரண்டு மீற்றர் நாற்பது சென்ரிமீற்றர் அகலத்துக்குப் பெருப்பித்த படத்தின் ஒரு மூலையை. தீப்பெட்டியைவிடச் சிறிய நெகற்றிவை அறுபத்தாறு மடங்கு பெருப்பித்து, அரை மீற்றர் தூரத்தில் இருந்து பார்க்கிறீர்கள். உங்கள் டிஜிற்றல் படமோ 6000 பிக்சல் அகலம், ஆகவே அதே திரையில் ஒரு மீற்றர் அறுபது சென்ரிமீற்றர் அகலத்துக்குத்தான் விரிகிறது. கூடுதலாகப் பெருப்பித்தது கூடுதலாக மங்கித் தெரிவது இயல்பு. இரண்டு கோப்புகளையும் ஒரே உயரத்துக்கு, உதாரணமாக 4000 பிக்சலுக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால் இடைவெளி உடனே குறையும். முழுவதும் மறையாது. மிஞ்சுகிற இடைவெளிதான் நாம் ஆராய வேண்டியது.

அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். ஒரு கறுப்புக் கோடும் அதனருகே ஒரு வெள்ளைக் கோடும் சேர்ந்தது ஒரு சோடி. ஒரு மில்லிமீற்றருக்குள் எத்தனை சோடிகளை ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்துக் காட்ட முடிகிறது என்பதே பிரித்துக் காட்டும் திறன். பிக்சல்களால் ஒரு சோடியைக் காட்ட ஆகக் குறைந்தது இரண்டு பிக்சல் தேவை. ஆகவே 6400 டிபிஐ ஸ்கானர் கோட்பாட்டளவில் மில்லிமீற்றருக்கு 126 சோடிகளைப் பிரிக்க வேண்டும். பிரிக்கிறதா? தட்டை ஸ்கானர்களில் நான் ஒருபோதும் அதைக் கண்டதில்லை. 1951ஆம் ஆண்டின் அமெரிக்க விமானப்படைச் சோதனைப் பலகை என்று ஒன்று உண்டு. கண்ணாடித் துண்டில் மூன்று மூன்று கோடுகளாக, படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும். அதை வைத்து ஸ்கான் செய்து, எந்தப் படியில் மூன்று கோடும் ஒரே சாம்பல் நிறக் கறையாகின்றன என்று பார்க்க வேண்டும். பேர்பெற்ற எப்ஸன் வி700 வகை ஸ்கானர்களுக்கும் பெட்டியில் 6400 என்றுதான் போட்டிருக்கும். சோதனைப் பலகையில் அவை மில்லிமீற்றருக்கு 45 சோடியளவில் நின்றுவிடுகின்றன. அது 2300 டிபிஐக்குச் சமன். விலை குறைந்தவை இன்னும் கீழே, 1500ஐ அண்டி நிற்கின்றன. ஸ்கானரின் உணரி, அதாவது ஒளியைப் பதியும் பகுதி, அங்குலத்துக்கு 6400 தடவை மாதிரி எடுக்கிறது என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் இருக்கும் லென்ஸ் அந்த நுணுக்கத்தை உணரிவரை கொண்டுவந்து கொடுப்பதில்லை. துவாலையால் வடித்த தண்ணீரை எத்தனை குடத்தில் ஊற்றினாலும் தண்ணீர் கூடாது.

ஆக உங்கள் 55 மெகாபிக்சல் கோப்புக்குள் இருக்கும் உண்மையான தகவல், நல்ல தட்டை ஸ்கானர் என்றால் ஏறத்தாழ ஏழு மெகாபிக்சல். மீதி வெறும் இடநிரப்பல். பதினாறு பிட் நிறத்தில் சேமித்தால் ஒரு படத்துக்கு 330 மெகாபைற்று இடத்தையும் அது பிடித்துக்கொள்கிறது. ஏழையும் இருபத்துநான்கையும் பக்கத்தில் வைத்தால் எது கூர்மையாகத் தெரியும் என்பதில் வியப்பில்லை. இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. உங்கள் ஸ்கானரின் மாதிரி எண்ணை நீங்கள் குறிப்பிடவில்லை. ஆகவே ஏழா, மூன்றா என்பதுதான் மாறும்.

இனி பிலிமுக்கு வருவோம். தயாரிப்பாளர்கள் தங்கள் தரவுத் தாள்களில் இரண்டு எண்கள் தருவார்கள். ஃபூஜியின் வெல்வியா 50 என்ற நிறப் பிலிமுக்கு மில்லிமீற்றருக்கு 160, 80 சோடி. புரொவியா 100எஃப்க்கு 140, 60. கொடாக்கின் டி-மக்ஸ் 100 என்ற கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு 200, 63. முதலாவது எண், வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற வேறுபாடு இருக்கும்போது கிடைப்பது, இரண்டாவது, 1.6க்கு ஒன்று என்ற மெல்லிய வேறுபாடு இருக்கும்போது கிடைப்பது. பிலிமைப் புகழ்பவர்கள் முதலாவது எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு 35 மில்லிமீற்றருக்குள் எழுபது எண்பது மெகாபிக்சல் இருக்கிறது என்று கணக்குக் காட்டுகிறார்கள். ஆனால் தேர்த் திருவிழாவில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற வேறுபாடு எங்கே இருக்கிறது? வெயிலில் மின்னும் கலசத்துக்கும் அதன் பின்னாலுள்ள நிழலுக்கும் இடையில் இருக்கலாம். வியர்த்த முதுகின் தோல், நனைந்த வேட்டியின் மடிப்பு, வீதி மணலில் பதிந்த காலடி, வடத்தின் முறுக்கு எல்லாம் இரண்டாவது எண்ணின் பக்கத்தைச் சேர்ந்தவை. படத்தில் நாம் தேடுகிற உயிர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே நல்ல நிறப் பிலிம் ஒன்றுக்கு மில்லிமீற்றருக்கு அறுபது சோடி என்று கணக்கெடுப்பதே நேர்மையானது என்பது என் நிலைப்பாடு.

ஒப்பிட்டுச் சொன்னால், 24 மெகாபிக்சல் டிஜிற்றல் படத்தின் உயரத்தில் 4000 பிக்சல், அதாவது உச்ச அளவாக 2000 சோடி. 35 மில்லிமீற்றர் பிலிமின் 24 மில்லிமீற்றர் உயரத்தில், மில்லிமீற்றருக்கு 60 என்றால், 1440 சோடி. டிஜிற்றல் உணரியின் 2000 என்பதும் முழுதாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தையே பதிகிறது. கொடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிறைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஒழுங்கின்படி, பாதிப் பிக்சல்கள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். இல்லாத இரண்டு நிறங்களையும் அயற்பிக்சல்களைப் பார்த்துக் கணினி ஊகித்து நிரப்புகிறது. அந்த ஊகத்தில் கொஞ்சம் நுணுக்கம் போகும். அப்படிப் பார்த்தால் பிலிமும் டிஜிற்றலும் உங்கள் திரை காட்டிய அளவுக்குத் தூரத்தில் இல்லை. டிஜிற்றல் முன்னால் நிற்கிறது. ஆனால் ஏழுக்கும் இருபத்துநான்குக்கும் உள்ள தூரத்தில் நிற்கவில்லை.

இந்த இடத்தில் சங்கிலியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, ஏனெனில் உங்கள் கேள்வியின் முடிச்சு அதில்தான் இருக்கிறது. டிஜிற்றல் படம் ஒரு லென்ஸையும் ஓர் உணரியையும் மட்டும் கடந்து வருகிறது. ஸ்கான் செய்த பிலிமோ கமராவின் லென்ஸ், பிலிம், ஸ்கானரின் லென்ஸ், ஸ்கானரின் உணரி என்று நான்கு படிகளைக் கடக்கிறது. ஒவ்வொரு படியிலும் நுண்கோடுகளின் வேறுபாடு குறைகிறது, அந்தக் குறைவுகள் ஒன்றோடொன்று பெருகுகின்றன. உதாரணத்துக்காக மட்டும் சில எண்கள் போடுகிறேன்: மில்லிமீற்றருக்கு 40 சோடியில் கமராவின் லென்ஸ் அறுபது வீதத்தைக் கடத்துகிறது, பிலிம் அறுபது வீதத்தைக் கடத்துகிறது என்று வைத்துக்கொண்டால், நெகற்றிவில் 36 வீதம் பதிந்திருக்கும். அதைக் கண் நன்றாகவே காணும். அந்த 36ஐ இருபது வீதம் மட்டும் கடத்தும் ஸ்கானர் ஒன்றில் வைத்தால் ஏழு வீதமே மிஞ்சும். அது பிலிமின் மணிகளுக்குள், அதாவது படத்தை ஆக்கும் நுண்துகள்களுக்குள், கரைந்து போகும். அதே நெகற்றிவை அறுபது வீதம் கடத்தும் கருவியால் பிரதியெடுத்தால் 22 வீதம் மிஞ்சும். கொஞ்சம் கூர்மையேற்றினால் வடத்தின் முறுக்கு முறுக்காகவே தெரியும். நெகற்றிவ் ஒன்றுதான், கிடைத்த படங்கள் இரண்டு. ஆகவே ஸ்கானைப் பார்த்துவிட்டு நெகற்றிவின்மேல் தீர்ப்புச் சொல்வது, பழுதான ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு நாதஸ்வரக்காரரைக் குறை சொல்வது போன்றது.

கூர்மை என்று நாம் பேச்சில் சொல்வதற்குள் இரண்டு வேறு பொருள்கள் கலந்திருக்கின்றன. எவ்வளவு சிறிய பொருளைப் பிரித்துக் காட்டுகிறது என்பது ஒன்று. ஓர் ஓரம் எவ்வளவு வெட்டென்று தெரிகிறது என்பது மற்றது. கண் உடனே மயங்குவது இரண்டாவதில். டிஜிற்றல் கமரா ஜேபெக் கோப்பைச் சேமிக்கும்போதே ஓரங்களின் இருள்பக்கத்தை இன்னும் இருளாக்கி, வெளிச்சப்பக்கத்தை இன்னும் வெளிச்சமாக்கிவிடுகிறது. உங்கள் படத்தில் தேர் மணியின் விளிம்பை நானூறு வீதத்துக்குப் பெருப்பித்துப் பாருங்கள். மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று வளைத்துப் போட்டதுபோல ஓடும். பிலிமிலும் இப்படி ஒன்று உண்டு. பிலிமில் படத்தை வெளிப்படுத்தும் ரொடினால் போன்ற டெவலப்பரை ஐம்பது மடங்கு, நூறு மடங்கு தண்ணீரில் கரைத்து, அதிகம் ஆட்டாமல் கழுவினால், இருளும் வெளிச்சமும் சந்திக்கும் இடத்தில் டெவலப்பர் ஒரு பக்கம் தீர்ந்தும் மறுபக்கம் தீராமலும் இருப்பதால் ஓரம் தானாகவே வெட்டென்று எழும். ஆனால் தட்டை ஸ்கானர் அதையும் கரைத்து விடுகிறது. ஆகவே ஒப்பிடும்போது கமரா எதையும் திருத்தாமல் சேமிக்கும் ரோ கோப்பை எடுத்து, கூர்மையேற்றலைப் பூச்சியத்தில் வைத்து முதலில் பாருங்கள். பிறகு இரண்டுக்கும் அளவாகக் கூர்மையேற்றிப் பாருங்கள். ஸ்கானைக் கூர்மையேற்றாமல் கமராவின் ஜேபெக்குடன் ஒப்பிடுவது நீதியில்லை.

நீங்கள் மணல்மணல் என்று சொன்னதைப் பற்றி ஒன்று. பிலிமின் மணி மங்கலல்ல. மணி தெளிவாகத் தெரிகிறதென்றால் ஸ்கானர் அவ்விடத்தில் நன்றாகக் குவிந்திருக்கிறது என்றே பொருள். மணி கரைந்து திட்டுத்திட்டாகத் தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். மணிகள் பிக்சலைவிடச் சிறியவையாக இருக்கும்போது அவை பல சேர்ந்து ஒரு பெரிய பொய்மணியாகத் தோன்றுவதும் உண்டு. 1980களின் வேகமான, அதாவது குறைந்த வெளிச்சத்திலும் பதியும், நிறப் பிலிம்களை ஸ்கான் செய்யும்போது இதை அடிக்கடி காண்கிறேன். மணியைப் பார்த்துப் பயந்து ஸ்கானர் மென்பொருளில் மணி நீக்கும் பொத்தானை அழுத்தினால் மணியோடு வடத்தின் முறுக்கும் சேர்த்து வழித்தெடுக்கப்படும். உங்கள் ஸ்கானில் அந்தப் பொத்தான் தானாகவே இயங்கிக்கொண்டிருந்ததா என்று பாருங்கள்.

நிறப் பிலிமில் இன்னொரு இயல்பும் உண்டு. அது மூன்று படைகள் கொண்டது: மேலே நீலம், நடுவே பச்சை, அடியில் சிவப்பு ஒளியைப் பதியும் படை. மேலிரண்டு படைகளையும் ஊடுருவி அடிக்கு வருவதற்குள் ஒளி சிதறிவிடுவதால் சிவப்பின் நுணுக்கமே மூன்றிலும் குறைவு. தேரின் சிவப்புப் பட்டுத் தொங்கல்கள் மற்றவற்றைவிட மெத்தென்று தெரிந்தால் அதற்கு உங்கள் தந்தையாரும் பொறுப்பல்ல, ஸ்கானரும் பொறுப்பல்ல. டிஜிற்றலிலும் சிவப்புக்குக் கால்வாசிப் பிக்சல்தான் என்பதை மேலே சொன்னேன். ஆனால் டிஜிற்றலுக்கென்றே உள்ள ஒரு குறையைப் பிலிம் அறியாது. கலியாண வீட்டில் நெருக்கமான இழையோட்டம் கொண்ட பட்டுச்சேலையை டிஜிற்றலில் எடுக்கும்போது, இழையின் இடைவெளியும் பிக்சலின் இடைவெளியும் ஏறத்தாழ ஒன்றாக வந்துவிட்டால், சேலையில் இல்லாத வானவில் வளையங்கள் எழுந்துவிடும். பிலிமின் மணிகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடப்பதால் அப்படி வளையம் கட்டுவதில்லை. இழை மெதுமெதுவாக மங்கி மறையும். மங்குவதிலும் பிலிமுக்கு ஒரு நாகரிகம் உண்டு என்று என் தொழில் குரு சொல்வார். எனக்கும் அதுவே எண்ணம்.

இனி எங்கள் ஊருக்கே உரிய காரணங்கள். வெளிநாட்டில் எழுதப்படும் ஒப்பீடுகளில் இவை வருவதில்லை, ஆனால் நான் கையில் எடுக்கும் நெகற்றிவுகளில் பாதிக்கு மேல் இவற்றின் அடையாளம் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் பிலிமை 20 பாகை செல்சியஸில் கழுவ வேண்டும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். எங்கள் இருட்டறையில் பங்குனி, சித்திரையில் முப்பதைத் தாண்டும். மின்சாரமில்லாத தொண்ணூறுகளின் முற்பகுதியில் ஐஸ் ஏது? மண்பானையில் இரவு முழுவதும் வைத்த தண்ணீரில் டெவலப்பரைக் கரைத்து, விடியுமுன் கழுவினோம். அப்படியும் சூடு கூடிய நாட்களில் மணி பருத்தது. கடைசிக் கழுவலுக்குக் கிணற்றுத் தண்ணீர். குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைச் சுண்ணாம்பு, காய்ந்த நெகற்றிவிலும் துளித்துளியாகப் படிந்திருக்கும். நெகற்றிவைச் சாய்த்துப் பிடித்தால் விளக்கு வெளிச்சத்தில் அந்த வட்டங்கள் தெரியும். அவை ஸ்கானரின் ஒளியைச் சிதறடித்து அவ்விடத்தில் கூர்மையைக் குறைக்கும். பளபளப்பான, படம் பதியாத பக்கத்தில் மட்டும் இருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து மெல்லத் துடைக்கலாம். படமுள்ள பக்கத்தில் கைவைக்க வேண்டாம். 1995இன் இடப்பெயர்வில் பொதியோடு பொதியாக மழையில் நனைந்து, தென்மராட்சியிலும் வன்னியிலும் ஓலைக் கொட்டில்களில் கிடந்து திரும்பிய நெகற்றிவுகளில் பூஞ்சணம் வலைபோலப் படர்ந்திருக்கும். படம் பதிந்திருக்கும் ஜெலற்றின் படையையே பூஞ்சணம் தின்று விடுகிறது. அங்கே போன நுணுக்கத்தை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. உங்களுடையவை எந்த வழியில் தப்பிப் பிழைத்தன என்று நீங்கள் எழுதவில்லை. அதைத் தெரிந்தால் இன்னும் திட்டமாகச் சொல்லலாம்.

எடுத்த கணத்தில் போனதும் உண்டு. அக்காலத்தில் பலர் 100 ஏஎஸ்ஏ என்ற மெதுவான பிலிமைப் போட்டுக்கொண்டு, சனநெரிசலில் தோளோடு தோள் இடிபட நின்று, கையில் பிடித்தே எடுத்தார்கள். கை அசைந்தால் படத்திலுள்ள ஒவ்வொரு மின்னும் புள்ளியும் ஒரே திசையில் சிறு கோடாக இழுபட்டிருக்கும். குவியம் தவறியிருந்தால் தேர் மங்கி, அதற்கு முன்னால் நிற்பவரின் தலைமயிரோ பின்னாலுள்ள மதிலோ கூர்மையாக இருக்கும். ஸ்கானரின் மங்கல் இப்படித் திசையோ தூரமோ பார்க்காது. படம் முழுவதும் ஒரே சீராக மங்கும், அல்லது நெகற்றிவ் வளைந்திருந்தால் நடுவும் ஓரமும் வேறுபடும். இந்த மூன்றையும் பிரித்தறியப் பழகிவிட்டால் உங்கள் கேள்விக்கு நீங்களே பாதிப் பதில் சொல்லிவிடுவீர்கள்.

நெகற்றிவ் வளைவு என்றதும் என் மனதில் இன்னும் உறுத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பத்தின் முந்நூறுக்கு மேற்பட்ட நெகற்றிவுகளைத் தட்டை ஸ்கானரில் இரண்டு மாதம் இருந்து ஸ்கான் செய்தேன். நெகற்றிவைத் தாங்கும் சட்டத்தின் உயரத்தைச் சோதித்துப் பார்க்காமல், வந்தபடியே வைத்துச் செய்தேன். இந்த ஸ்கானர்கள் தாமாகக் குவியம் பிடிப்பதில்லை; கண்ணாடிக்கு மேல் ஒரு குறித்த உயரத்தில் மட்டுமே கூர்மையாகக் காணும். வேலையெல்லாம் முடிந்து, நெகற்றிவுகள் அவர்களோடு கனடா போய்ச் சேர்ந்த பிறகுதான், சட்டத்தின் கீழ் மெல்லிய அட்டைத்துண்டு ஒன்றை வைத்தால் படம் எவ்வளவு தெளிகிறது என்று கண்டேன். அந்தக் குடும்பத்துக்கு எழுதி உண்மையைச் சொன்னேன். இப்போது எந்த ஸ்கானரானாலும் முதலில் ஒரே நெகற்றிவைச் சட்டத்தின் கீழ் ஒரு தாள், இரண்டு தாள், மூன்று தாள் என்று உயர்த்தி உயர்த்தி ஸ்கான் செய்து, எந்த உயரத்தில் மணி கூராகத் தெரிகிறதோ அதையே வைத்துக்கொள்கிறேன். நீங்களும் மறுபடி ஸ்கான் செய்வதற்கு முன் இதைச் செய்யுங்கள். அரை மில்லிமீற்றர் வித்தியாசமே கண்ணுக்குத் தெரியும்.

இதைவிட நல்ல வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. நெகற்றிவுக்கென்றே செய்யப்பட்ட நிக்கொன் கூல்ஸ்கான் போன்ற 4000 டிபிஐ ஸ்கானர்கள் பெட்டியில் எழுதியதை ஏறத்தாழ அப்படியே தருகின்றன, ஆனால் அவற்றின் உற்பத்தி நின்று நெடுங்காலமாகிவிட்டது. பழுதானால் இங்கே திருத்துவாரில்லை. உங்கள் 24 மெகாபிக்சல் கமராவுக்கு, மிகக் கிட்டவுள்ள பொருளை எடுக்கும் மக்ரோ லென்ஸ் ஒன்றை இரவல் வாங்குங்கள். சமமான வெள்ளை வெளிச்சம் தரும் எல்ஈடி பலகையின்மேல் நெகற்றிவைத் தட்டையாக வைத்து, கமராவை நேர்கீழாகப் பார்க்கும்படி தாங்கியில் பூட்டி, படம்பிடியுங்கள். நெகற்றிவின் 36 மில்லிமீற்றரும் 6000 பிக்சலில் நிறைந்தால் அது 4200 டிபிஐக்குச் சமன், அதுவும் தட்டை ஸ்கானரைப்போலப் பெயரளவில் அல்ல. லென்ஸின் துவாரத்தை எஃப் 8க்குக் கிட்ட வையுங்கள். எஃப் 16, 22 என்று இறுக்கினால் ஒளி துவாரத்தின் விளிம்பில் வளைந்து பரவி நுணுக்கத்தைத் தின்றுவிடும். மக்ரோ தூரத்தில் இந்த விளைவு இன்னும் கூடும். கமராவும் நெகற்றிவும் சமாந்தரமாக இருக்கின்றனவா என்று பார்க்க நெகற்றிவ் இருக்கும் இடத்தில் சிறிய கண்ணாடி ஒன்றை வைத்து, லென்ஸின் பிம்பம் சரியாகப் படத்தின் நடுவில் விழுகிறதா என்று பாருங்கள். தட்டை ஸ்கானிலிருந்து இதற்கு மாறியவர்கள் எல்லாரும் முதற்படத்தைப் பார்த்ததும் ஒரு கணம் பேசாமல் இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

பிலிம் எத்தனை மெகாபிக்சல் என்று நேராகக் கேட்டீர்கள். இதற்கு ஒற்றை எண் சொல்பவரை நம்பாதீர்கள். என் கண்ணின் தீர்ப்பாக மட்டும் சொல்வதென்றால், கையில் பிடித்து எடுத்த 35 மில்லிமீற்றர் நிறப் படம் ஆறிலிருந்து பத்து மெகாபிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது. முக்காலியில் வைத்து, நல்ல லென்ஸால், மெதுவான பிலிமில் எடுத்தது பதினைந்து, இருபதைத் தொடுகிறது. வேறொரு அனுபவசாலி வேறு எண் சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் அந்தக் காலத்து ஸ்ரூடியோக்காரர் கழுத்தில் தொங்கிய, இரண்டு லென்ஸ் கொண்ட யஷிகா மற் போன்ற கமராவில் எடுத்த சதுர நெகற்றிவ் ஏதாவது உங்கள் வீட்டில் இருந்தால் கணக்கே வேறு. அதன் ஒரு பக்கம் 56 மில்லிமீற்றர். உங்கள் தட்டை ஸ்கானரின் 2300 டிபிஐயிலேயே அதிலிருந்து உண்மையான இருபத்தைந்து மெகாபிக்சல் கிடைக்கும். பிலிமில் நுணுக்கம் கூட என்று நீங்கள் கேட்ட கதை பெரும்பாலும் அந்தச் சதுர நெகற்றிவுகளிலிருந்து பிறந்தது.

ஸ்கானரைத் தொடுவதற்கு முன் இன்றே ஒன்றைச் செய்து பாருங்கள். நெகற்றிவை வெளிச்சப் பலகையின்மேல் வைத்து, பத்து மடங்கு பெருப்பிக்கும் லூப்பால் பாருங்கள். லூப் இல்லாவிட்டால் 50 மில்லிமீற்றர் கமரா லென்ஸின் முன்பக்கத்தில் கண்ணை வைத்து, பின்பக்கத்தை நெகற்றிவுக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். ஐந்து மடங்கு பெருப்பிக்கும். உங்கள் தந்தையாரின் படத்தில் வடம் முன்மூலையிலிருந்து தேரை நோக்கி நீண்டு போகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைவிட நல்ல சோதனைப் பலகை கிடைக்காது. முறுக்குக்கு முறுக்கு மூன்று சென்ரிமீற்றர் என்று வைத்தால், 50 மில்லிமீற்றர் லென்ஸில், பதினைந்து மீற்றர் தூரத்தில் அது மில்லிமீற்றருக்குப் பத்துச் சோடியாகப் பதியும். அறுபது மீற்றரில் நாற்பது சோடியாக நெருங்கும். சாய்ந்து தெரிவதால் இன்னும் நெருங்கும். லூப்பில் முறுக்கு எந்த ஆளின் கைவரை தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்கானில் அதே வடத்தைப் பின்தொடர்ந்து, எந்தக் கையோடு முறுக்கு மறைகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒரே கையென்றால் ஸ்கானர் தன் கடமையைச் செய்துவிட்டது. லூப்பில் இன்னும் நாலைந்து ஆட்கள் தள்ளித் தெரிந்தால், அவ்வளவும் இன்னும் நெகற்றிவிலேயே இருக்கிறது. நெகற்றிவுகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அந்த இரண்டு ஆட்களின் இடத்தையும் எனக்கு எழுதுங்கள்.